ஏழு முறை அடைத்த விரிசல்

"உயிரோட இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள எங்க அப்பா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

சொந்த அப்பாவைப் பற்றி இப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பெயின்ட் பிரிவு ஃபோர்மேன். உழைத்துக் காய்ப்பு ஏறிய கை. இரண்டு நாள் தூங்காத கண்.

"இல்லாட்டியும்னா?" என்று கேட்டேன்.

"இல்லாட்டியும்னா இல்லாட்டியும்தான் சார்."

பக்கத்தில் இருந்த என் மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மழை வருமா என்று கேட்பது போல், "முதல்லேர்ந்து சொல்லுங்க தம்பி" என்றார்.

எங்கள் நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டயர் கடைக்கு மேலே ஒரு அறை, மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி. அத்தை என்று நான் கூப்பிடும் என் மாமியார் துப்பறிகிறார், நான் கார் ஓட்டுகிறேன். இருபத்தாறு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட லாரிகளைச் சோதித்தவர் அவர். எது நேற்றைய அடி, எது பள்ளத்தில் பட்டிப் பசை பூசி மறைத்த போன வருடத்து அடி என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். என் மருந்துக் கம்பெனி வேலை போன அன்று, "வீட்ல சும்மா உக்காந்திருக்கிறதுக்கு என்கூட வந்து உக்காருங்க மாப்பிள்ளை" என்றார். உட்கார்ந்தவன்தான், மூன்று வருடமாக எழுந்திருக்கவில்லை.

ஃபோர்மேன் சொன்னது இது. அவருடைய அப்பா கப்பல் பரிசோதகர். பட்டறையில் பழுதுபார்த்த கப்பல்களைச் சோதித்து, கடலுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போடுபவர். ஊசிமுனை அளவு ஓட்டையும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்பதால் பட்டறை முழுக்க அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இரண்டரை மாதத்துக்கு முன்னால் ஒரு பயணிகள் கப்பல் மூழ்கி முப்பத்தோரு பேர் செத்துப்போனார்களே, அந்தக் கப்பலைக் கடைசியாகப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"ரிப்பேர் முடிஞ்ச மறுநாள் அப்பா பாத்துட்டு நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்தாரு. மூணாவது வாரம் மூழ்கிடுச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணைக் கமிஷன் முன்னாடி அவரு பேசணும். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துலேர்ந்து ஆளைக் காணோம். கப்பல் முதலாளியோட ஆளுங்கதான் தூக்கியிருப்பாங்க."

"போலீஸ்?"

"போலீஸ் வேணாம் மேடம்" என்றார் ஃபோர்மேன், கொஞ்சம் அவசரமாகவே.

---

அப்பாவும் மகனும் மட்டும் இருக்கும் வீடு. பரிசோதகரின் அறை மாடியில், பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. ஒரு மேஜை, ஒரு விளக்கு, கண்ணாடி அலமாரியில் பதினோரு கப்பல்கள். எல்லாம் பிளாஸ்டிக். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம்; கொடிக்கம்பம், நங்கூரம், கைப்பிடிக் கம்பி எல்லாம் வைத்துச் செய்தவை. அந்த அறையில் கப்பல்கள்தான் குடியிருந்தன, மனிதர் வாடகைக்கு இருந்தார் என்று தோன்றியது.

"உங்களுக்கும் இதுல ஈடுபாடு உண்டா தம்பி?" என்று கேட்டார் அத்தை.

"எனக்கா? ஒரு நாள்கூடத் தொட்டதில்ல மேடம். பட்டறையில பாக்கிற கப்பலே போதும்." ஃபோர்மேன் வாசற்படியில் சாய்ந்து நின்றார். வழியை அடைத்துக்கொண்டு நின்றார் என்பதுதான் சரி. நாங்கள் அந்த அறையில் இருந்த அரை மணி நேரமும் அவர் அங்கிருந்து நகரவில்லை.

அத்தை மேஜையைப் பார்த்தார். தூரிகைகள் கழுவித் துடைத்து, முடி மேலே இருக்கும்படி டம்ளரில் நின்றன. பசைப் பாட்டில் மூடியிருந்தது. பட்டி டியூப் அடியிலிருந்து சுருட்டி, கிளிப் போட்டு வைத்திருந்தது. மேஜைக்கடியில் கப்பல் வந்த அட்டைப்பெட்டி, கடைச் சீட்டோடு.

"ஆளைத் தூக்கிட்டுப் போறவன் தூரிகையைக் கழுவி வெச்சுட்டா போவான்?" என்றேன் அத்தையின் காதோரம். "அப்படி ஒருத்தன் இருந்தா நம்ம வீட்டுக்கு வேலைக்குக் கூப்பிடலாம்."

அத்தை சிரிக்கவில்லை. "அந்தக் கப்பலைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க தம்பி" என்று அலமாரிக்கு மேலே காட்டினார். அங்கே பன்னிரண்டாவதாக ஒரு கப்பல், இன்னும் முடியாத ஒன்று, மரத் தாங்கியில் நின்றது.

ஃபோர்மேன் வந்து அதை இறக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி வாசலுக்கே போனார். அத்தை கப்பலை விளக்கடியில் சாய்த்துப் பிடித்து, கண்ணை அதன் வயிற்றோடு ஒட்ட வைத்துப் பார்த்தார். லாரிக் கதவைப் பார்ப்பதும் இப்படித்தான்.

"ரெண்டு பாதியா வர்ற சாமான் மாப்பிள்ளை இது. ஒட்டினா நடுவுல ஒரு கோடு விழும். இடுக்கு இருக்கும். அதுல பட்டி வெச்சு அடைச்சு, காயவெச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பெயின்ட் அடிச்சாக் கோடு இருந்த இடமே தெரியக்கூடாது. இந்த மனுஷன் தேய்ச்சிருக்கிறதைப் பாருங்க. விரல்ல தட்டவே மாட்டேங்குது."

"அப்போ இது?"

கப்பலின் வலப்பக்கம், பின்னால், தண்ணீருக்குள் இருக்கவேண்டிய இடத்தில் சுண்டுவிரல் அகலத்துக்குத் தேய்த்துக் குழித்திருந்தது. குழிக்குள் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் ஒரு பெயின்ட், ஒரு பட்டி, மறுபடி பெயின்ட், மறுபடி பட்டி. எண்ணிப் பார்த்தேன். ஏழு.

"மற்ற இடமெல்லாம் வெள்ளைப் பட்டி" என்றார் அத்தை. "இந்த ஒரு இடத்துல மட்டும் ரோஸ் கலர்."

எனக்குக்கூட அந்த ரோஸ் நிறம் தெரியும். லாரிப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறப் பட்டியில் கெட்டியாக்கும் சிவப்பு மருந்தைக் கலந்தால் வருவது. இரும்புக்குப் பூசுவது. பிளாஸ்டிக் கப்பலுக்கு யாரும் பூசமாட்டார்கள்.

"என்ன மேடம் தெரியுது?" வாசலிலிருந்து குரல் வந்தது.

"உங்க அப்பாவுக்குப் பொறுமை ஜாஸ்தின்னு தெரியுது." அத்தை மேஜைமேல் விரித்திருந்த ரப்பர் விரிப்பைச் சரிசெய்வது போல் ஒரு ஓரத்தைத் தூக்கினார். அதன் அடியில் எதையோ கண்டுவிட்டார் என்று அவர் தோள் அசைந்த விதத்தில் எனக்குப் புரிந்தது. நான் உடனே தும்மினேன். மூன்று வருடப் பழக்கம். ஃபோர்மேன் என்னைப் பார்த்த ஒரு நொடியில் அந்த எதுவோ அத்தையின் கைப்பைக்குள் போய்விட்டது.

"இந்தக் கப்பலைத் தாங்கியோட ஒரு நாள் எடுத்துட்டுப் போறேன் தம்பி."

"அது எதுக்கு?" ஃபோர்மேன் ஒரு அடி உள்ளே வந்தார்.

"எங்க மாப்பிள்ளைக்குப் பொம்மைன்னா உயிர்."

ஃபோர்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பொம்மைக்கு ஏங்குபவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். அது கஷ்டமாக இருக்கவில்லை என்பதுதான் வருத்தம். அவர் வழிவிட்டார். ஆனால் படியிறங்கும்போது எனக்குப் பின்னால் ஒரே ஒரு படி தள்ளி வந்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

---

காரில் ஏறியதும் அத்தை கைப்பையைத் திறந்தார். ஒரு புகைப்படம். மூழ்கிய கப்பலைக் கிரேன் தூக்கும்போது கிட்டத்தில் எடுத்தது. பின்னால் கமிஷன் அலுவலகத்தின் முத்திரை இருந்தது. சாட்சி என்பதால் பரிசோதகருக்கு அனுப்பியிருக்கிறார்கள். துருவும் சேறுமாக ஒரு இரும்பு வயிறு, அதில் வாய் பிளந்த விரிசல். விரிசலின் இரு பக்கமும் பிய்ந்தது போக மிச்சமாய் ஒரு பட்டை. ரோஸ் நிறம்.

"வெல்டிங் பண்ணவேண்டிய விரிசலுக்குப் பட்டி வெச்சிருக்கானுங்க" என்றார் அத்தை. "முப்பத்தோரு பேர் மாப்பிள்ளை. அதுல ஒம்பது பேர் குழந்தைங்க."

பின்கண்ணாடியில் நீல நிற வேன் ஒன்று தெரிந்தது. பட்டறைக்குப் போகிறேன் என்று சொன்ன ஃபோர்மேனின் வேன். பட்டறை எதிர்த் திசையில் இருந்தது.

"தாங்கிக்கு அடியில பாருங்க" என்றார் அத்தை.

சிக்னலில் நின்றபோது மரத் தாங்கியைத் திருப்பினேன். அடியில் காகித டேப் ஒன்று ஒட்டி, அதில் பென்சிலால் பொடி எழுத்தில் தேதிகள். ஏழு வரி. ஒவ்வொரு வரியிலும் 'பூசியது' என்று ஒரு தேதி, 'தெரிந்தது' என்று ஒரு தேதி. இரண்டுக்கும் இடையே ஆறு நாள். ஏழு வரியிலும் ஆறே நாள்.

"புரியலையே அத்தை."

"அவசரத்துல கனமாப் பூசின பட்டி உள்ளுக்குள்ள சுருங்கும். பெயின்ட் அடிச்ச அன்னைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். அஞ்சாறு நாள் போனா ஓரத்துல கோடு மேல வந்துடும். எத்தனை லாரியை அப்படிப் பிடிச்சிருக்கேன். இந்த மனுஷன் தன்னையே பரிசோதிச்சிருக்காரு. அந்த விரிசலைப் பொம்மைக் கப்பல்ல அதே இடத்துல கீறி, அதே பட்டியை வெச்சு, பெயின்ட் அடிச்சு, அது எத்தனாவது நாள் கண்ணுக்குத் தெரியுதுன்னு உக்காந்து பாத்திருக்காரு. அவரு கையெழுத்துப் போட்டது ரிப்பேர் முடிஞ்ச மறுநாள். அன்னைக்கு அது யார் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது. அதான் அவருக்குக் கிடைச்ச பதில்."

"ஒரு தடவை பாத்தாப் போதாதா? ஏழு தடவையா?"

"முப்பத்தோரு பேரு செத்திருந்தா நீங்க எத்தனை தடவை பாப்பீங்க?"

தாங்கியைக் கவனமாகத் திருப்பி வைத்தேன்.

"அப்போ நாளைக்கு இதைக் காட்டினாலே அவரு மேல தப்பில்லன்னு ஆயிடுமே. எதுக்குக் காணாமப் போகணும்? நிஜமாவே முதலாளி ஆளுங்க தூக்கிட்டாங்களோ?"

"அதைத்தான் கேக்கப் போறோம். கப்பல் பெட்டியில ஒட்டியிருக்கிற கடைச் சீட்டைப் பாத்தீங்க இல்ல? அங்க விடுங்க வண்டியை. நேரா இல்ல, சுத்திக்கிட்டு."

என் ஃபோன் அடித்தது. ஃபோர்மேன். "எதுவும் தெரிஞ்சதா சார்?" பத்து நிமிடத்தில் மறுபடி. "எந்தப் பக்கம் போறீங்க சார்?" மூன்றாவது தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, பிறகு வைத்துவிட்டார். நான் மூன்று சந்து, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மரக்கடையின் பின்வாசல் எல்லாம் புகுந்து வந்தேன். நீல வேன் காணாமல் போயிருந்தது. அதில் எனக்கு நிம்மதி இல்லை. கண்ணுக்குத் தெரிகிற வேனாவது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

---

பொம்மைக் கப்பல் கடை ஒரு குறுகிய தெருவின் கோடியில் இருந்தது. தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். பெட்டிச் சுவர்களுக்கு நடுவே ஒரு ஆள் மட்டும் போகும் வழி. அதன் முடிவில் ஒரு பச்சைத் திரை. கல்லாவில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், கழுத்தில் தொங்கும் கண்ணாடியோடு. கடைக்காரம்மா அவர்தான்.

அத்தை சுற்றி வளைக்கவில்லை. கப்பலைக் கல்லாமேல் வைத்து, "இதைச் செஞ்சவரைத் தேடறோம்" என்றார்.

கடைக்காரம்மாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "சார் வந்து பத்து நாளுக்கு மேல ஆகுது" என்றார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.

"சரி, வேற ஒண்ணு சொல்லுங்க." அத்தை கல்லாமேல் புகைப்படத்தை வைத்தார். "நான் ஆயிரம் லாரி பாத்திருக்கேன். பட்டறையில பட்டி பூசறவன் தகட்டுல அள்ளி ஒரே இழுப்பா இழுப்பான். ஓரம் நாய் நக்கின மாதிரி கோணல்மாணலா இருக்கும். இதைப் பாருங்க. விரிசலுக்கு மேலயும் கீழயும், சரியாத் தேய்க்காம விட்ட இடத்துல, பட்டியோட ஓரம் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு. ரெண்டு பக்கமும். எப்படி வரும் இது?"

கடைக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"டேப்" என்றார் மெல்ல. "இடுக்குக்கு ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, நடுவுல ஒரு அரிசி அகலம் மட்டும் விட்டு, அதுல பட்டியை வெச்சு, காயறதுக்குள்ள டேப்பை உரிச்சா இப்படி வரும். சின்னக் கப்பல்ல பக்கத்துல இருக்கிற வேலைப்பாடு கெடக்கூடாதுன்னு செய்யறது."

"எல்லாரும் செய்வாங்களா?"

"கொஞ்சம் பேர் செய்வாங்க. ஆனா டேப்போட முனையை இப்படி மடிச்சு, ஒரு பக்கம் கொஞ்சம் நீளமா விட்டு உரிக்கிறது சாரோட வீட்டு வழக்கம். முனையில ஒரு சின்ன வால் மாதிரி பட்டி நிக்கும். இதோ நிக்குது பாருங்க." அவர் விரல் புகைப்படத்தின் மேல் நின்றது. "இவ்வளவு பெரிய இரும்புக் கப்பலுக்குப் போய் எவன் டேப் ஒட்டினான்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். சார் யாருக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தாரு?"

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தருக்குத்தான். அவரு பையனுக்கு. பன்னெண்டு வயசுல இந்தக் கடை வாசல்ல நடந்த போட்டியில அப்பாவையே ஜெயிச்சான். அந்தக் கை யாருக்கும் வராது. இருபது வயசு வரைக்கும் ரெண்டு பேரும் சேந்துதான் செய்வாங்க."

நான் அத்தை பக்கம் திரும்பினேன். "ஒரு நாள்கூடத் தொட்டதில்லன்னாரே அத்தை."

"சொன்னாரு. சொல்லிட்டு அலமாரி மேலேர்ந்து கப்பலை எப்படி இறக்கினாரு, பாத்தீங்களா? நீங்களா இருந்தாக் கொடிக்கம்பத்தைப் பிடிச்சுத் தூக்கியிருப்பீங்க."

"கண்டிப்பா."

"அவரு கம்பி எதுவும் படாம, அடிவயித்துல ரெண்டு விரலைக் கொடுத்து, மூச்சை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு இறக்கினாரு. தொட்டுப் பழகாத கை அப்படித் தூக்காது."

ஆக, முப்பத்தோரு பேரைக் கொன்ற பட்டியைப் பூசியவர்தான் இன்று காலை எங்கள் அறையில் உட்கார்ந்திருந்தார். அப்பாவைக் கண்டுபிடிக்கச் சொன்னது அன்பினால் அல்ல. நாளை பத்து மணிக்கு அந்த வாய் திறக்கக்கூடாது. நாங்கள் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டும் நாய்களாக இருந்திருக்கிறோம். வேலையைச் சுத்தமாக வேறு செய்திருந்தோம்.

"போயிடலாம் அத்தை. போலீசுக்கு."

அத்தை நகரவில்லை. கல்லாவின் மறுமூலையில் கிடந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கப்பலின் புகைபோக்கி. அதன் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் டேப், நடுவில் அரிசி அகலத்துக்கு வெள்ளைப் பட்டி, மடித்து நீளமாக விட்ட ஒரு முனை. அத்தை சுண்டுவிரல் நகத்தால் பட்டியைத் தொட்டார். நகத்தில் ஒட்டியது.

"சார் வந்து பத்து நாள் ஆச்சுன்னீங்க. இது இன்னும் ஈரமா இருக்கும்மா."

கடைக்காரம்மாவின் கண் தன்னையறியாமல் பச்சைத் திரைப் பக்கம் போனது.

---

திரைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சரக்கறை. பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில், சுவரைப் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலையில் பட்டையாய்க் கட்டிய உருப்பெருக்கி. காலடியில் ஒரு தலையணை. யாரும் அவரைக் கட்டிப்போட்டிருக்கவில்லை.

"என் பையன் அனுப்பினானா?" என்றார் திரும்பாமலே.

"ஆமா சார்" என்றார் அத்தை. "ஆனா இப்போ நாங்க அவருக்கு வேலை செய்யலை. பயப்படாதீங்க. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் உங்க பக்கத்துல அவர் வராம நாங்க பாத்துக்கறோம்."

பெரியவர் சிரித்தது போலிருந்தது. "அவன் என்னைக் கொன்னுடுவான்னு நெனச்சீங்களா? அவனுக்கு ஒரு கோழிக்குஞ்சைக் கொல்லத் தெரியாது. பரிசோதனைக்கு முதல் நாள் காலையில விரிசலைப் பாத்திருக்காங்க. வெல்டிங்னா ரெண்டு நாள் ஆகும். கப்பலை நிறுத்த முதலாளி ஒத்துக்கல. 'உன் கைதான் நல்ல கை, நீ பூசு'ன்னு இவனைப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க. பூசிட்டான். அடுத்த தடவை வரும்போது வெல்டிங் பண்ணிக்கலாம்னு நெனச்சிருப்பான்."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அந்தப் போட்டோ வந்த அன்னைக்கு." அவர் குரல் கொஞ்சம் தேய்ந்தது. "பாத்ததும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமாம்மா? எவ்வளவு நேரா ஒட்டியிருக்கான், இந்த வயசுலயும் கை நடுங்கலையேன்னு பெருமையா இருந்துச்சு. அப்புறம்தான் அந்த முப்பத்தோரு பேர் ஞாபகம் வந்தாங்க."

கடைக்காரம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"நான் வாயைத் திறந்தா அவன் உள்ள போவான். திறக்கலைன்னா கையெழுத்துப் போட்டவன் நான், நான் போவேன். அதுல எனக்கொண்ணும் இல்ல. ஆனா அந்தப் பட்டறையில இன்னும் அஞ்சு கப்பல் நிக்குது. அஞ்சுலயும் பட்டி வெச்சிருக்கேன்னு செவ்வாய்க்கிழமை அவனே அழுதுக்கிட்டுச் சொன்னான். அதுல ரெண்டு, இந்த ஞாயித்துக்கிழமை ஜனங்களை ஏத்திக்கிட்டுக் கிளம்புது. நான் பேசித்தான் ஆகணும்."

"அப்போ எதுக்கு சார் இங்க ஒளிஞ்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் பயந்து இல்ல தம்பி. எனக்குப் பயந்து. அவன் அம்மா போனப்போ அவனுக்கு ஒம்பது வயசு. அன்னைக்குலேர்ந்து அவன் முகத்தைப் பாத்துக்கிட்டு ஒரு விஷயத்துக்குக்கூட என்னால மாட்டேன்னு சொல்ல முடிஞ்சதில்ல. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் அவன் முகத்தைப் பாக்காம இருந்துட்டேன்னா உண்மையைச் சொல்லிடுவேன். பாத்தேன்னா முடியாது. அவ்வளவுதான்."

அத்தை அவர் தோளில் கை வைத்தார். அதிகம் தொட்டுப் பேசுகிறவர் அல்ல என் மாமியார். "பின்வாசல் இருக்காம்மா?" என்று கடைக்காரம்மாவைக் கேட்டார். "மாப்பிள்ளை, வண்டியை அந்தப் பக்கம் கொண்டு—"

அப்போதுதான் என் சட்டைப்பையில் ஃபோன் அலறியது.

அதை நான் அமர்த்தி வைத்திருக்க வேண்டும். காலையிலிருந்து ஐந்து தடவை அத்தை சொல்லியிருந்தார். பதறிப் பிடுங்கி எடுத்து, பொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் நான்கு தடவை அடித்துவிட்டது. ஃபோன் திரையில் ஃபோர்மேனின் எண். ஒலி நின்றதும் கடை முழுக்க ஒரு அமைதி. அதில் ஒரு காலடி கேட்டது. பெட்டிச் சுவர்களுக்கு நடுவே, அவசரமே இல்லாமல், நன்றாகத் தெரிந்த வழியில் நடந்து வரும் காலடி. இந்தக் கடை அவருக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. வேன் என்னைத் தொலைக்கவில்லை. நான் எங்கே வந்து சேர்வேன் என்று புரிந்ததும் நேர்வழியில் முன்னாலேயே வந்து காத்திருந்திருக்கிறது.

அத்தை பெரியவருக்கும் திரைக்கும் நடுவே போய் நின்றார். நான் அத்தைக்கு முன்னால் போய் நின்றேன். வீரம் என்று யாரும் எண்ணவேண்டாம். ஃபோனை அமர்த்தாதவன் வேறெங்கே நிற்பான்?

திரை விலகியது. ஃபோர்மேன் வாசலை அடைத்து நின்றார். வலது கை ஒரு துணிப்பைக்குள் இருந்தது.

"கையை வெளிய எடுங்க தம்பி" என்றார் அத்தை.

எடுத்தார். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மாத்திரைப் பட்டை. அவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்களைத் தாண்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகைப் பார்த்தார். காலையில் பார்த்த அந்த இறுகிய முகம் இப்போது இல்லை. தெருவில் தொலைந்துபோய்த் திரும்பக் கிடைத்த சின்னப் பையனின் முகமாக இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

"அப்பா" என்றார். "பிரஷர் மாத்திரையை வீட்லயே விட்டுட்டுப் போயிட்டீங்க. மூணு நாளாச்சு. போட்டீங்களா இல்லையா?"

"திரும்பாதீங்க சார்" என்றார் அத்தை. குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரி. அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. "ஞாயித்துக்கிழமை ரெண்டு கப்பல் கிளம்புது. திரும்பாதீங்க."

பெரியவர் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல் கணுக்கள் வெளுத்தன.

"தலை சுத்துதாப்பா?" என்று கேட்டது பின்னாலிருந்து குரல். "ஏதாவது பேசுங்கப்பா."

பெரியவர் தலையிலிருந்த உருப்பெருக்கியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு மெல்லத் திரும்பி மகனின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் போடலைப்பா" என்றார். கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டார். விழுங்கி, தண்ணீர் குடித்து, பாட்டிலை மூடி மகனிடம் கொடுத்தார். அதற்கப்புறம் அத்தையைப் பார்த்து, பட்டறையில் இத்தனை வருடம் பரிசோதனை முடிவு சொல்லிப் பழகிய அதே நிதானமான குரலில் பேசினார்.

"எழுதிக்கோங்கம்மா. கையெழுத்துப் போட்ட அன்னைக்கு எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை."